தெரியாமல் எடுத்த மெட்டு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள், இசைத் திருட்டைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் முதலில் கேட்டார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. திருடுகிறவருக்கு எங்கே எடுத்தோம், எதை மாற்றினோம், யார் கண்டுபிடிக்கக்கூடும் என்பதெல்லாம் அத்துப்படி. அவருக்கு வேண்டியவர் ஒரு நல்ல வக்கீல். நான் பேச விரும்புவது, மெட்டு தன்னுடையதுதான் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்து, சத்தியமும் செய்து, அதற்குப் பிறகும் தோற்றுப்போகிறவரைப் பற்றி. மெட்டுப் போடுகிற பிள்ளைகள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து இதுதான்.

இசைப் பதிப்புரிமை பேசுகிற எவரும் தவிர்க்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. 1969 டிசம்பரில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கோபன்ஹேகனில் இருந்தார். பத்திரிகையாளர் சந்திப்பு நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்து நழுவி, கிதாரில் இரண்டு கார்டுகளை மாற்றி மாற்றி வாசித்தபடி 'அல்லேலூயா' என்றும் 'ஹரே கிருஷ்ணா' என்றும் பாடிப் பார்த்தார். கூட இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு லண்டன் திரும்பி, பில்லி பிரெஸ்டனோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து அதற்கு முழு வடிவம் கொடுத்தார். 'மை ஸ்வீட் லார்ட்' பிறந்தது இப்படித்தான். 1970இன் இறுதியில் ஹாரிசனின் குரலில் வெளிவந்து அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடத்துக்குப் போனது.

சில மாதங்களுக்குள் வழக்கு வந்தது. ரானி மாக் என்ற இளைஞர் எழுதி, சிஃபான்ஸ் என்ற நியூயார்க் பெண்கள் குழு பாடிய 'ஹீஸ் ஸோ ஃபைன்' 1963இல் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பாட்டு. எழுதியவர் அந்த ஆண்டே இறந்துபோனார். பாட்டின் உரிமை பிரைட் ட்யூன்ஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தது. இரண்டும் ஒரே மெட்டு என்றது அந்த நிறுவனம்.

அந்த மெட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 1976இல் தீர்ப்பு எழுதிய ரிச்சர்ட் ஓவன், ஆபரா இசையமைத்தவர். சுரம் தெரிந்த நீதிபதி. மெட்டை இரண்டு துணுக்குகளாகப் பிரித்தார். நம் சுரத்தில் சொன்னால் முதல் துணுக்கு ப க ரி. இரண்டாவது ப த ஸ த ஸ. மாணவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள், காரணம் தெரிகிறது. எல்லாம் மோகனத்துக்குள் அடங்கிவிடுகிற சுரங்கள். மோகனத்தில் கல்பனாஸ்வரம் பாடுகிற யாரும் தினமும் தொட்டுவிட்டுப் போகிற பிடிகள். இதற்கா வழக்கு?

ஹாரிசன் தரப்பு நிபுணர்களும் ஏறத்தாழ இதையேதான் சொன்னார்கள். துணுக்குகள் பொதுச் சொத்து என்பதை நீதிபதியும் ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் துணுக்கு நான்கு முறை, அதைத் தொடர்ந்து இரண்டாவது துணுக்கு நான்கு முறை என்கிற அடுக்கு அபூர்வமானது என்றார். ஹாரிசனிடம் முதல் துணுக்கு நான்கு முறை வருகிறது. இரண்டாவது மூன்று முறை. நான்காவதன் இடத்தில் ஏறக்குறைய அதே நீளத்துக்கு வேறொரு இணைப்பு. இதோடு நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்பாரோ என்னவோ. 'ஹீஸ் ஸோ ஃபைன்' பாட்டில் இரண்டாவது துணுக்கு ஓரிடத்தில் ப த ஸ த ரி ஸ என்று ஒரு ரிஷபத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. அனுஸ்வரம் மாதிரி, கண் இமைக்கிற நேரம். அதே ரிஷபம் ஹாரிசன் பாட்டிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ராகம் பொது. பிடியும் பொது. எந்தப் பிடியை எத்தனை முறை, எதற்குப் பின், எந்த நகாசோடு வைக்கிறீர்கள் என்பதில்தான் உரிமை தொடங்குகிறது. ராகத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

ஹாரிசன் கிதாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி மெட்டு உருவான விதத்தை வாசித்தே காட்டினார். தமக்கு ஊக்கம் தந்தது 'ஓ ஹாப்பி டே' என்ற, பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய கிறித்தவக் கீதம் என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று நீதிபதி நினைக்கவில்லை. வேண்டுமென்றே எடுத்தாரா என்றால் இல்லை என்றே எழுதினார். ஆனால் 'ஹீஸ் ஸோ ஃபைன்' 1963இல் இங்கிலாந்துப் பட்டியலிலும் இருந்த பாட்டு, பீட்டில்ஸ் பாட்டுகள் இருந்த அதே பட்டியலில். ஹாரிசன் அதைக் கேட்டிருக்கிறார். இந்தச் சுரச்சேர்க்கை எடுபடும் என்று அவருடைய ஆழ்மனத்துக்குத் தெரிந்திருந்தது. ஏன் தெரிந்தது என்பது மேல்மனத்துக்குத் தெரியவில்லை. சட்டத்தின் கண்ணில் அதுவும் மீறல்தான் என்று தீர்ப்பு.

1981இல் பணக்கணக்குத் தீர்ந்தது. பாட்டின் வருமானத்தில் முக்கால் பங்கு அந்த மெட்டால் வந்தது, மீதிக் கால் பங்கு சாகித்தியத்தாலும் ஹாரிசனின் பெயராலும் வந்தது என்று பிரித்து, 15,99,987 டாலர் என்று கணக்கிட்டார்கள். மெட்டு முக்கால், மற்றதெல்லாம் கால்! நம்மூர்க் கவிஞர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். கடைசியில் ஹாரிசன் அத்தனையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. இந்த வழக்கில் முன்பு அவருக்காகப் பேரம் பேசிய மேலாளர் ஆலன் கிளைனே 1978இல் பிரைட் ட்யூன்ஸின் உரிமைகளை விலைக்கு வாங்கி, எதிர்த்தரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். அது நம்பிக்கைத் துரோகம் என்று சொன்ன நீதிமன்றம், கிளைன் கொடுத்த விலையான 5,87,000 டாலரை மட்டும் கொடுத்தால் போதும் என்றது. வேடிக்கையான கிளைக்கதை, ஆனால் நம் பேச்சுக்கு அது வேண்டாம்.

ஆழ்மன நகல் என்ற கருத்து ஹாரிசனோடு தொடங்கியதல்ல. 1924இலேயே ஜெரோம் கெர்ன் என்ற பெரிய இசையமைப்பாளர், 'டார்டனெல்லா' என்ற பாட்டின் அடிநாதமாகத் திரும்பத் திரும்ப வரும் எட்டுச் சுரத் தொடரைத் தம் பாட்டில் வைத்ததற்காகத் தோற்றார். தெரியாமல் வந்தது என்ற அவருடைய சத்தியத்தை நீதிபதி லெர்னட் ஹாண்ட் மறுக்கவில்லை. தெரியாமல் எடுத்தாலும் எடுத்ததுதான் என்று 250 டாலர் விதித்தார்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனை வேண்டுமானால் தெரிந்தே மீறியிருக்க வேண்டும். ஆனால் பாட்டை நிறுத்தச் சொல்லித் தடையாணை வாங்க அந்த நிபந்தனை கிடையாது. பதிப்புரிமை இருந்ததே தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நீங்கள் மெய்ப்பித்தாலும் தடையாணை வரும். லாபம் முழுவதையுமோ அதில் ஒரு பங்கையோ நீதிமன்றம் கொடுக்கச் சொல்லலாம். நல்ல எண்ணம் உங்களைச் சிறையிலிருந்து காப்பாற்றும். பாட்டைக் காப்பாற்றாது.

தெரியாமல் எடுக்கவைக்கிற இந்த மறதி எப்படி வேலை செய்கிறது என்பதை உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். 1989இல் ஆலன் பிரவுனும் டானா மர்ஃபியும் சிலரை வட்டமாக உட்காரவைத்து, ஒரு வகையைச் சொல்லி, அதற்குரிய பெயர்களை ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொன்னார்கள். பிறகு அவரவர் சொன்னதை நினைவுகூரவும், யாரும் சொல்லாத புதுப் பெயர்களைத் தரவும் கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் சொன்னதைத் தன்னுடையதாகவும், ஏற்கெனவே வட்டத்தில் வந்துவிட்டதைப் புதியதாகவும் எழுதியவர்கள் இருந்தார்கள். சொன்னது யார் என்பது போய்விடுகிறது, சொல்லப்பட்டது தங்கிவிடுகிறது. வட்டமாக உட்கார்ந்து சொன்ன வெறும் பெயர்களுக்கே இந்தக் கதி. சிறு வயதிலிருந்து கல்யாண வீட்டிலும் பேருந்திலும் டீக்கடையிலும் காதில் விழுந்த பாட்டுக்கு என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் கருத்து இதுதான்: சிரமப்படாமல், முழுசாக, ஒரே மூச்சில் வந்து விழுகிற மெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நாம் பழகியிருப்பது இதற்கு நேர் எதிர். தானாக வந்தது என்றால் அருள் என்கிறோம். அருளாகவும் இருக்கலாம். நினைவாகவும் இருக்கலாம். உள்ளேயிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஹாரிசன் இருந்த அதே பீட்டில்ஸ் குழுவில் இதைச் சரியாகச் செய்தவர் ஒருவர் இருந்தார். 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு பால் மெக்கார்ட்னிக்குக் கனவில் வந்தது. எழுந்ததும் பியானோவில் வாசித்துப் பார்த்தார். மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே அவருக்கு அதிகம் இருந்தது. எங்கோ கேட்ட பழைய பாட்டுதான் இது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. முட்டைப் பொரியலைப் பற்றிய தற்காலிக வரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஏறத்தாழ ஒரு மாத காலம் இசை தெரிந்த ஒவ்வொருவரிடமும் பாடிக்காட்டி, இது யார் பாட்டு என்று விசாரித்தார். யாரும் உரிமை கோராத பிறகுதான் தன்னுடையது என்று வைத்துக்கொண்டார்.

இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஆனால் யாரிடம் கேட்பது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் வயதுக்காரரிடம் கேட்டால் அவர் காதிலும் நீங்கள் கேட்ட பாட்டுகளே இருக்கும். உங்களோடு சேர்ந்து அவரும் மறந்திருப்பார். உங்களைவிட இருபது வயது மூத்தவர் ஒருவரிடமும், பத்து வயது இளையவர் ஒருவரிடமும் கேளுங்கள். என்னைக் கேட்டால், மெல்லிசைக் குழுவில் காலமெல்லாம் கீபோர்டு வாசித்தவர் ஒருவரைச் சிநேகிதம் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். பல்லவியில் பாதியைப் பாடுவதற்குள் அவர் கை தானாக அசல் பாட்டின் இடையிசைக்குப் போய்விடும். எந்த நிபுணரின் அறிக்கையும் அதற்கு ஈடாகாது.

பாடிக்காட்டும்போது வரியில்லாமல் பாடுங்கள். தாளக்கட்டையும் எடுத்துவிடுங்கள். சுருதியை மாற்றி, காலப்பிரமாணத்தைப் பாதியாகக் குறைத்துச் சுரமாகவே பாடுங்கள். மெட்டை மறைக்கிற முகமூடிகள் வேகமும் வாத்தியமும்தான். குத்துப் பாட்டாக ஓடும்போது தெரியாத சாயல், தம்பூராவை மட்டும் வைத்துக்கொண்டு விளம்பத்தில் பாடினால் பளிச்சென்று தெரிந்துவிடும். கைப்பேசியில் முணுமுணுத்தால் பாட்டைக் கண்டுபிடித்துத் தருகிற வசதியும் இப்போது இருக்கிறது. பயன்படுத்துங்கள். ஆனால் அது ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னதைச் சான்றிதழாக எண்ணிவிடாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு உங்களைப் பயமுறுத்தி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. வழக்குக்குப் பிறகு மறுபடி எழுத உட்காருவதே சிரமமாக இருந்ததாக ஹாரிசன் சொல்லியிருக்கிறார். அது எந்தக் கலைஞருக்கும் வரக்கூடாத நிலை. பொதுக் கிடங்கு மிகப் பெரியது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டின் தொடக்கம் 'டாரஸ்' என்ற இசையிலிருந்து வந்தது என்று தொடுத்த வழக்கு 2020இல் முறையீட்டிலும் தோற்றது. அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்குகிற வரிசை நூற்றாண்டுகளாக எல்லோரும் வைத்திருப்பது. 2023இல் பாடகர் எட் ஷீரன் மீதான நியூயார்க் வழக்கில் நான்கு கார்டு வரிசையைப் பற்றியும் இதே விவாதம்தான். நடுவர் குழு அவர் பக்கம் நின்றது. டேமியன் ரீல், நோவா ரூபின் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு ஸ்தாயியின் எட்டுச் சுரங்களைப் பன்னிரண்டு இடங்களில் எப்படியெல்லாம் அடுக்க முடியுமோ அத்தனையையும் கணினியில் உண்டாக்கிப் பொதுமக்களுக்கே எழுதிவைத்தார்கள். 6,800 கோடிக்கு மேற்பட்ட மெட்டுகள்! சட்டத்தை அது அசைத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. மெட்டு என்பது எண்ணி முடிக்கக்கூடிய பண்டம் என்று காட்டியது. அந்த அளவில் நல்ல குறும்பு.

நமக்கு நெருக்கமான வழக்கு 2025இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 'பொன்னியின் செல்வன் 2' படத்தின் 'வீரா ராஜ வீரா' பாட்டு, தாகர் குடும்பத்தார் பாடிய 'சிவ ஸ்துதி' என்ற துருபத் உருப்படியிலிருந்து வந்தது என்பது புகார். இரண்டும் அடாணா. ஏப்ரலில் தனி நீதிபதி தாகர் தரப்புக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டார்; செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. ஒருவர் ஓர் உருப்படியைப் பாடினார் என்பதாலேயே அதை இயற்றியவர் அவர் என்றாகிவிடுமா என்பதே மேல்முறையீட்டில் மையமாக நின்ற கேள்வி. குரு வாயிலிருந்து சீடன் வாய்க்குப் போகிற மரபில் இதற்கு விடை எளிதல்ல. பாடாந்தரம் கற்ற எல்லோரும் இந்த வழக்கைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

பொதுச் சொத்து என்று நாம் நினைப்பது பொதுச் சொத்தாக இல்லாமல் போவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 'குக்கபரா' என்ற பாட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் பாடுவார்கள். நாட்டுப் பாடல் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அதை 1930களில் எழுதியவர் மரியன் சின்க்ளேர் என்ற ஆசிரியை. மென் அட் வொர்க் குழுவின் 'டவுன் அண்டர்' பாட்டில் புல்லாங்குழல் வாசித்த கிரெக் ஹாம், அந்தப் பாட்டின் துணுக்கு ஒன்றை ஊதியிருந்தார். பாட்டு உலகம் சுற்றியது. கால் நூற்றாண்டாக யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 2007இல் ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில், இந்தக் குழலில் ஒளிந்திருக்கும் குழந்தைப் பாட்டு எது என்று கேட்டார்கள். உரிமையை வைத்திருந்த நிறுவனம் விழித்துக்கொண்டது. 2010இல் தீர்ப்பு: 2002 முதல் வந்த வருமானத்தில் 5 விழுக்காடு. எட்டு பார் வரை எடுக்கலாம், இத்தனை நொடி வரை பரவாயில்லை என்று ஒலிப்பதிவுக் கூடங்களில் சொல்வார்களே, அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. அந்தக் குழல் துணுக்கு எத்தனை நொடி என்று கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்தில் தியாகராஜரைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் கீர்த்தனை என்றாலே பழையது என்று எண்ணிவிடாதீர்கள். இயற்றியவர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டு என்பது இந்தியக் கணக்கு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. பாரதி பாடல்களைச் சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கி, பின்னர் மக்களுக்கே உரிமையாக்கிவிட்டது. வரி உங்களுடையது. ஆனால் பாரதி பாட்டை நினைத்த உடனே உங்கள் வாயில் வருகிற மெட்டு, பெரும்பாலும் வேறொருவர் போட்டது.

லூப் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ராயல்டி இல்லை' என்று போட்டிருப்பதால் நிபந்தனையே இல்லை என்று பொருளாகாது. உரிமத்தைப் படியுங்கள், விலைச்சீட்டோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள். அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் உங்களுக்கு முன்பே அதைப் பதிவேற்றியிருக்கலாம்.

சான்றுகளையும் தூக்கி எறியாதீர்கள். பீ ஜீஸ் குழுவின் 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்' தம் பாட்டு என்று சிகாகோ பக்கத்து இசைக்கலைஞர் ஒருவர் தொடுத்த வழக்கில் நடுவர் குழு அவருக்கே சாதகமாகச் சொன்னது. நீதிபதி அதை மாற்றினார். 1984இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. பீ ஜீஸ் அவருடைய பாட்டைக் கேட்டிருக்க வாய்ப்பிருந்தது என்பதற்கு ஆதாரமில்லை என்பது முதன்மைக் காரணம். பிரான்சில் ஒரு மாளிகையில் தங்கிக் குழுவினர் தங்கள் பாட்டை உருட்டிக்கொண்டிருந்தபோது பதிவான டேப்பும் நீதிமன்றத்துக்கு வந்தது. குழுவின் பேரி கிப் முணுமுணுக்க, கீபோர்டு கலைஞர் சுரம் தேட, மெட்டு தடுமாறித் தடுமாறி உருவாவது அதில் இருந்தது. எட் ஷீரன் இப்போது பாட்டெழுதுகிற ஒவ்வொரு அமர்வையும் வீடியோ எடுத்து வைக்கிறார். உங்களிடம் கைப்பேசி இருக்கிறது. பிசிறான முதல் முணுமுணுப்பையும், தப்பாகப் போன இரண்டாவது வடிவத்தையும் அழிக்காதீர்கள். நேராகக் கிடைத்த முடிந்த பாட்டு எதையும் மெய்ப்பிக்காது. தடுமாற்றம்தான் மெய்ப்பிக்கும்.

எல்லாம் செய்தும் சாயல் அகப்பட்டுவிட்டால்? இரண்டு சுரத்தை மாற்றிச் சமாளிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அது வேண்டாம், தெரிந்த பிறகு ஒப்பனை செய்தால் நான் தொடக்கத்தில் சொன்ன, தெரிந்தே திருடுகிற ஆளாகிவிடுகிறீர்கள். ஒன்று மெட்டைக் கைவிடுங்கள், அல்லது உரியவரிடம் பேசுங்கள். சாம் ஸ்மித்தின் 'ஸ்டே வித் மீ' பாட்டும் டாம் பெட்டியின் 'ஐ வோன்ட் பேக் டவுன்' பாட்டும் ஒத்திருந்தபோது, ஸ்மித் தரப்பு பழைய பாட்டை அறிந்திருக்கவில்லை என்றது. டாம் பெட்டிக்கும் அவரோடு சேர்ந்து அதை எழுதிய ஜெஃப் லின்னுக்கும் 12.5 விழுக்காடும் பெயரும் கொடுத்தார்கள், வழக்கே இல்லை. இசையில் இப்படி நேர்வதுதான், மனத்தாங்கல் ஒன்றும் இல்லை என்று பெட்டியும் பெருந்தன்மையாகச் சொன்னார். ஒரு துணைச் செய்தி: 1989இல் வெளிவந்த பெட்டியின் அந்தப் பாட்டுக்குக் கிதார் வாசித்துப் பின்குரலும் கொடுத்தவர் ஜார்ஜ் ஹாரிசன்.

திரையிசைக்குப் போகிற மாணவர்களுக்கு இன்னொன்று. இயக்குநர் படத்தொகுப்பில் ஏதோ ஒரு பாட்டைப் போட்டு ஓட்டிக் காட்டி, 'இதே மாதிரி வேணும், ஆனா இது வேண்டாம்' என்பார். அதைப் பத்து முறை கேட்ட பிறகு உங்கள் காது உங்களுடையதல்ல. 'ப்ளர்ட் லைன்ஸ்' வழக்கில், மார்வின் கேயின் 1977ஆம் ஆண்டுப் பாட்டைப் போல ஒன்று செய்யலாம் என்று தாமே சொன்னதாக 'ப்ளர்ட் லைன்ஸ்' பாடிய ராபின் திக் கொடுத்த பேட்டி அவருக்கு எதிராகவே திரும்பியது. 2015இல் நடுவர் குழு விதித்தது 70 லட்சம் டாலருக்கு மேல், பின்னர் சுமார் 53 லட்சமாகக் குறைந்தது. முடிந்தால் மாதிரிப் பாட்டை ஒரே ஒரு முறை கேளுங்கள். வேகம் என்ன, மனநிலை என்ன, எந்த வாத்தியம் என்று குறித்துக்கொண்டு, ஒரு வாரம் வேறு வேலை பார்த்துவிட்டு உட்காருங்கள்.

பிறகு ஒப்பந்தம் வரும். மெட்டு முழுக்கச் சொந்தக் கற்பனை, பிரச்சினை வந்தால் இழப்பீடு முழுவதையும் இசையமைப்பாளரே ஏற்பார் என்று ஒரு பத்தி அதில் இருக்கும். முதல் படம் கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களே அதிகம். படியுங்கள். மாதிரியாகக் கொடுக்கப்பட்ட பாட்டுகள் எவை, கொடுத்தவர் யார், எந்தத் தேதியில் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், அன்று மாலையே ஒரு மின்னஞ்சலில் அந்தப் பட்டியலை அவர்களுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.